ஏதாவது என்றால் எது?

மதினி,

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்ததும் வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு தட்டு பிரியாணி கொடுக்கலாம் என்று சீரகச் சம்பாவை ஊறப்போட்டுவிட்டு மசாலா டப்பாவைத் திறந்தேன். கிராம்பு வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நீங்கள் வந்துவிட்டீர்கள். கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "என்ன நாத்தனாரே, மூஞ்சி ஏன் இம்புட்டு செவந்திருக்கு?" என்று பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரியே இருந்தது.

சிவக்கக் காரணம் இருந்தது. அதே நேரத்தில்தான் முன்னறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "பாரமான ஒரு ஜெபக்குறிப்பு இருக்கு சகோதரிகளே. பேரைச் சொல்ல வேண்டாம்னுதான் நெனச்சேன். ஆனா பேரைச் சொன்னாத்தான ஊக்கமா ஜெபிக்க முடியும்?"

யார் குரல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் சங்கத்தை இத்தனை காலமாக நடத்துகிறவர், நாமெல்லாம் சங்கத்து அக்கா என்று கூப்பிடுகிறவர். உங்கள் தங்கை எஸ்தரின் கல்யாணத்தை நிறுத்தியதும் இதே குரல், இதே வார்த்தைகள்தான். பாரம். ஜெபக்குறிப்பு. தலைமுடி நரைத்துவிட்டது, கையில் செல்போன் வந்துவிட்டது, அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் மாறவில்லை. நான் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மற்றவர்களுக்குப் புறணி பேசக் குழாயடி வேண்டும், கடை வாசல் வேண்டும். நம் சபையில் கண்ணை மூடினால் போதும். எனக்காக, இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எவ்வளவு நல்ல வழக்கம்! பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன், கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்லி ஒருவரையொருவர் தாங்கத்தான் அது ஏற்பட்டது. அதை எப்படி இப்படி ஆக்கினார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தை வாயைத் திறந்து சொன்னால் பாவமாம். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்லி, அதைப் பத்துப் பேர் கேட்டால் பாவமில்லையாம்.

நாக்கையும் நெருப்பையும் பற்றிய வசனம் தெரியாதவர் அந்தச் சங்கத்தில் ஒருத்தரும் கிடையாது. மனப்பாடப் போட்டியில் பரிசு வாங்கியவர்களே இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கியார் ஒவ்வொருவரும், "பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருக்கீங்க, உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கக் கூடாதா?" என்று தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார். பெண்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார். நீங்கள் என் தொடையில் கிள்ளி, "போன வருசம் வந்தவரும் இதைத்தான சொன்னாரு?" என்பீர்கள். நான் சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

உங்களுடைய பூட்டு கிராம்புதான். முதலில் பல்வலிக்குத்தான் போட்டீர்கள். பல்லைப் பிடுங்கிய பிறகும் கிராம்பு போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நாள் முழுக்க அழுகிறவர்களும் அதட்டுகிறவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். "கோவத்துல பேசப்போறப்ப கிராம்பை முதல்ல நாக்கால ஒதுக்கணும். ஒதுக்குற நேரத்துல பாதிப் பேச்சு செத்துரும். மிச்சம் பாதிதான் சொல்ல வேண்டியது" என்று எனக்கு ஒருநாள் விளக்கம் சொன்னீர்கள். அந்த மிச்சம் பாதியைச் சொல்லாமல் நீங்கள் விட்டதேயில்லை. அதை மறந்துவிட்டு உங்களைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எஸ்தருக்குச் செம்பட்டியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில். கல்யாணத் தேதி நெருங்க நெருங்க அவளுக்குத் தலைவலி. பள்ளிக்கூடத்து வேலை, துணி எடுக்கிற அலைச்சல், புது வீட்டுக்குப் போகிற பயம், எல்லாம் சேர்ந்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது? ஆனால் அவளை வளர்த்த அக்கா நீங்கள். குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் அவளுக்கு ஒரே ஒரு தடவை ஜன்னி கண்டது உங்கள் மனசில் கிடந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்தடியில் சங்கத்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். "தலைவலிதான் அக்கா, வேற ஒண்ணுமில்ல. சின்னதுல காய்ச்சல்ல ஒருதரம் ஜன்னி வந்துச்சு, அதை நெனச்சு எனக்குத்தான் பயமா இருக்கு. உங்க தனி ஜெபத்துல நெனச்சுக்கங்க" என்றீர்கள். தனி ஜெபம் என்று அழுத்திச் சொன்னீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேம்மா" என்றார்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அது ஜெபக்குறிப்பு ஆனது. அங்கே கேட்டவர் ஒருத்தர் சித்தையன்கோட்டையில் தன் அண்ணன் வீட்டு ஜெபத்துக்கு அதைக் கொண்டு போனார். அங்கே ஜன்னி வலிப்பு ஆனது. சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டிக்கு எவ்வளவு தூரம்? செம்பட்டி உபவாச ஜெபத்தில் அந்த வலிப்பு அசுத்த ஆவி ஆகிவிட்டது. "திண்டுக்கல்லில் கல்யாணத்துக்கு நிற்கிற அந்த மகளைப் பிடித்திருக்கிற ஆவியை விரட்டும்" என்று யாரோ உருகி உருகி ஜெபித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா முழங்காலில் இருந்திருக்கிறார்.

கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு எல்லோர் முன்னாலும் கேட்பார்கள் அல்லவா? முதல் ஞாயிறு வாசித்தார்கள். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது ஞாயிறு வாசித்தார்கள். சங்கத்து அக்கா எஸ்தரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். மூன்றாவது ஞாயிறு நம் சபைப் போதகர் ஐயர் அறிவிப்புகளைப் படித்தார். கடைசி அறிவிப்பையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டார். எஸ்தர் என் பக்கத்தில் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தில் அவள் விரல் வைத்திருந்த பக்கம் வேறு, சபை பாடிய பாட்டு வேறு.

கல்யாணம் வேண்டாம் என்று முதல்நாள் ராத்திரியே செம்பட்டியிலிருந்து ஐயருக்குப் போன் வந்துவிட்டதாம். நமக்குச் சொல்ல வாய் வரவில்லையாம். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்டபோது வாயைத் திறக்காத ஜனம், எங்கேயோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பேசி முடித்துவிட்டது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், நம் வீட்டு வாசலில் வந்து "இது உண்மையா?" என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பிறகு வந்தார்கள். அடுத்த வாரம் திருவிருந்து ஆராதனை. மனஸ்தாபம் இருந்தால் ஒப்புரவாகிவிட்டுத்தான் அப்பமும் ரசமும் வாங்கப் பந்திக்குப் போக வேண்டும் என்பது நம் முறை. அதற்காகச் சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்து அக்கா, கூட இரண்டு பேர், கையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு. அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். எஸ்தர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா உட்காராமலே சொன்னார்: "ஏதாவது மனசு நோகுற மாதிரி பேசியிருந்தா மன்னிச்சுருங்கம்மா. நாளைக்குத் திருவிருந்து."

கிராம்பை ஒதுக்க உங்கள் தாடை அசைவதைப் பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்:

"ஏதாவதுன்னா எது அக்கா?"

அவருக்குப் புரியவில்லை. "ஏதாவதுதான்ம்மா. நம்ம மனுசங்கதான, வாய் தவறி வந்துரும்" என்றார்.

"வாய் தவறி என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க. அதைத்தான் நான் மன்னிக்கணும். பேரில்லாததை எப்படி மன்னிக்கிறது?"

"நான் ஜெபிக்கத்தானம்மா சொன்னேன்! பாரத்துல சொன்னேன்."

"பாரம் என்கிட்ட இருந்துச்சு அக்கா. இறக்கி வைக்கத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க அதைத் தூக்கிட்டு ஊர் ஊராப் போயிட்டீங்க." குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "மன்னிக்க மாட்டேன்னு சொல்லலை. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அதே வெள்ளிக்கெழமக் கூட்டத்துல, அதே மாதிரி கண்ணை மூடி, எஸ்தருக்கு ஒரு சீக்கும் இல்ல, நான் சொன்னது தப்புன்னு சத்தமா ஜெபிங்க. சித்தையன்கோட்டையில ஒருக்கா, செம்பட்டியில ஒருக்கா. பஸ்சுக்கு நான் கூட வாரேன்."

அவர் முகம் போன போக்கை எழுத ஆசைதான். வேண்டாம். பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் முதல் ஆளாகப் பந்திக்குப் போனதும் அவர்தான். நீங்கள் எழுந்து போகவில்லை, இடத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பு யார் தெரியுமா? நீங்கள்தான். மன்னிக்க முடியாத கசப்பின் ஆவி உங்களைப் பிடித்திருக்கிறதாம். பொய்யைப் பரப்பியவருக்கு ஆவி ஒன்றும் இல்லை, உண்மையைக் கேட்டவருக்குத்தான் ஆவி. எந்த ஊர் நியாயம் இது!

அன்றைக்குத்தான் உங்களிடம் ஒரு பேச்சை எடுத்தேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதற்கு முந்தின வருடம் உங்களுக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்தபோது, ஆஸ்பத்திரியின் பின்பக்க பெஞ்சில் சங்கத்து அக்கா தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் அவர் வீட்டு ஆள் ஒருத்தர். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என்ன விஷயம் என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கேட்டதற்கு, "ஆஸ்பத்திரின்னா ஆளுங்க வரத்தான் செய்வாங்க. சோறு ஆறுது" என்று தூக்குச்சட்டியைத் திறந்தீர்கள்.

"நாமளும் அந்த வீட்டுக் கதையை ஒரு ஜெபக்குறிப்பா எடுத்துவிட்டா என்ன மதினி? பாரத்தோடதான் விடுவோம்" என்றேன். பாதி கேலியாக, பாதி நிஜமாகவே.

அவ்வளவு கோபத்தில் உங்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சங்கத்து அக்காவிடம் காட்டாத கோபத்தை என்னிடம் காட்டினீர்கள். "எஸ்தர் அழுததைப் பாத்தேல்ல? அந்த வீட்டுலயும் ஒரு புள்ள இருக்கு. அது உனக்கு என்ன செஞ்சுச்சு?" என்றீர்கள். செத்த நேரம் கழித்து ஒரு கிராம்பை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினீர்கள். எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்துக் கீரனூரிலிருந்து எஸ்தரைப் பார்க்க வந்தார்கள். செம்பட்டி வரை போன கதை கீரனூருக்குப் போகாமல் இருக்குமா? மாப்பிள்ளையின் அம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் நேராகவே கேட்டார்: "ஏனுங்க, புள்ளைக்கு வலிப்பு வருமுன்னு பேசிக்கறாங்க. நெசமுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் முகம்தான் மலர்ந்தது. "இல்லைங்கம்மா. மூணு வயசுல காய்ச்சல்ல ஒருதரம் ஜன்னி கண்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. பெரிய டாக்டர்கிட்டயும் காட்டிட்டோம்" என்றீர்கள்.

"அவ்வளவுதானுங்களா? எங்க பையனுக்குந்தான் சின்னதுல வந்துச்சு" என்று மிச்சக் காபியைக் குடித்தார் அந்தம்மா.

அவ்வளவுதான், மதினி. ஒரு கேள்வி, ஒரு பதில். இதைச் செய்ய முடியாமல்தான் மூன்று ஊரில் முழங்கால் தேய ஜெபித்தார்கள். எஸ்தர் நன்றாக இருக்கிறாள். மகன் அவளைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். ஆனாலும் அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? கோயிலில் யாருக்காவது ஓலை வாசித்தால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

நீங்கள் மறுபடி பந்திக்குப் போனீர்கள். "அந்தக்கா சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன். "இல்ல. நான் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன். இனி அவங்களாச்சு, ஆண்டவராச்சு" என்றீர்கள். சொன்ன சொல் சொன்னதுதான். அவர் வீட்டில் பிரசவம் என்றாலும் சீக்கு என்றாலும் ஊசி போட நீங்கள்தான் போனீர்கள்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில், டூட்டி முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு.

அடக்க ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தது யார் என்கிறீர்கள்? அவரேதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வடித்தார். "ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்லாத வாய். என்ன நடந்தாலும் அமைதி. இந்தச் சகோதரிகிட்ட நம்ம பெண்கள் நாவடக்கத்தைக் கத்துக்கணும்" என்றார். எனக்குப் பெட்டிக்குள்ளிருந்து நீங்களே எழுந்து பதில் சொல்லிவிடுவீர்கள் போல இருந்தது. யாரை யார் நாவடக்கத்துக்கு உதாரணம் காட்டுவது? அடிபட்டவள் வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பேர் நாவடக்கமா? அந்த வார்த்தை அடித்தவருக்கு அல்லவா எழுதப்பட்டது? நீங்கள் பேசாமல் இருக்கவில்லை. கேட்டீர்கள். அவர்தான் பதில் சொல்லவில்லை. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்திருக்காவிட்டால் அன்றைக்கே அந்த மைக்கைப் பிடுங்கியிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். சங்கத்து அக்கா ஆரம்பித்துவிட்டார். பாடகர் குழுவில் இருக்கிற ஒரு பெண், சின்னப் பிள்ளை, வேலைக்குப் போகிற இடத்தில் யாரோடோ பேசுகிறாள் என்று...

"எல்லாரும் செத்த நேரம் கண்ணைத் திறங்க" என்றேன்.

திறந்தார்கள். ஜெபத்தின் நடுவில் ஒருத்தி இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இப்படி ஜெபிக்கச் சொல்லி அந்தப் புள்ள நம்மகிட்டக் கேட்டுச்சா அக்கா?"

"கேட்டாத்தான் ஜெபிக்கணுமா? நீயும் உங்க மதினியைப் பாத்துக் கொஞ்சம் அமைதியா இருக்கக் கத்துக்கம்மா" என்றார்.

நாக்கு நுனிக்கு என்னவெல்லாம் வந்தது தெரியுமா? பின்பக்க பெஞ்சு வந்தது. முக்காடு வந்தது. பக்கத்தில் இருந்த ஆளின் பெயர் வந்தது. கூட்டம் நிறைய ஆள். ஒரே வார்த்தை போதும், இத்தனை வருடத்துக்கும் கணக்குத் தீர்ந்துவிடும். கிராம்பு குறுக்கே இருந்தது. ஒதுக்கினேன். நீங்கள் சொன்னபடியே பாதி செத்தது. மிச்சம் பாதியைச் சொன்னேன்.

"எங்க மதினி அமைதியா இருக்கலை அக்கா. ஏதாவதுன்னா எதுன்னு உங்களைக் கேட்டாங்க. அதுக்கு இன்னும் பதில் வரலை. இந்த வீட்டுல, இங்க இல்லாத ஆளுக்காக ஜெபிக்கணும்னா அவங்களைக் கேட்டுட்டு வாங்க. இப்ப வேணும்னா மழைக்காக ஜெபிப்போம்."

மழைக்காக ஜெபித்தார்கள். நம் ஊரில் அதற்கு எப்போதும் தேவை இருக்கிறது. பிரியாணி வேகும் வரை இருந்தார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

எல்லோரும் போன பிறகு சங்கத்து அக்கா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்புக்குள் காலை விட்டபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உங்க மதினி... என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?"

ஏதாவது! அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை. "ஏதாவதுன்னா எது அக்கா?" என்று கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் கேட்டபோது அது நியாயம். நான் அந்த வாசலில் கேட்டிருந்தால் அது கத்தி. மறுபடியும் கிராம்பை ஒதுக்கினேன்.

"ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை அக்கா" என்றேன்.

அது உண்மை. அவர் கேட்டை விடவில்லை. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். வருகிற வெள்ளிக்கிழமை அவர் வந்து எஸ்தர் பெயரைச் சொல்லி ஜெபிப்பாரா என்று எனக்குத் தெரியாது. நாற்காலி போட்டு வைப்பேன்.

என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறவில்லை. அந்த வீட்டு விஷயம் எனக்கு இன்றும் தெரியும், இந்த மடலிலும் அதை எழுதவில்லை. கிராம்பு கடைவாயில் இருக்கிறது. சுள்ளென்று உறைக்கிறது, மதினி. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.